அம்மா கேட்க இருந்த கேள்வி

ஜூன் 3, செவ்வாய்
காலையில இருந்தே காத்து, சாரல். பிஎச்.டி. வைவா தேதி வந்தாச்சு, ஜூலை 4. செய்ய வேண்டியது: ஸ்லைடு, ஸ்வீட்-மிக்சர் ஆர்டர், அம்மாவுக்கு ஜாக்கெட்.

அம்மா தறிப் பட்டறையில இருந்து வந்ததும் சொன்னேன்.
"யாரு வேணா கேள்வி கேக்கலாமா கண்ணு?"
"கேக்கலாம்மா, பொது வைவாதான்."
"அப்ப நானும் ஒண்ணு கேப்பேன்."
என்ன கேள்வின்னா சிரிக்கறா. "இப்பவே சொல்லிப்போட்டா நீ படிச்சுட்டு வந்துருவ."

ஜூன் 7, சனி
ஜாக்கெட் துணி டெய்லர்கிட்ட. ஆரஞ்சு. அம்மாவேதான் எடுத்தா. பக்கத்து வீட்டு அக்காகிட்ட, "எம்புள்ளைக்கு அன்னைக்கு முழி பிதுங்கப் போவுது பாருங்க!" கொழுப்பு.

ஜூன் 12, வியாழன்
அம்மா போயிட்டா. தறிகிட்டயே மயங்கி விழுந்து. மாரடைப்பாம்.

ஜூன் 15, ஞாயிறு
வெயில். பந்தல் பிரிச்சாச்சு. அத்தை வர்றவங்ககிட்டயெல்லாம், "மகாலட்சுமியாட்டப் படுத்திருந்தாங்க, மொகத்துல என்ன களை!"

இதேதான் என் தீசிசும். இடைக்கால இங்கிலீஷ் இரங்கல் பாட்டுல செத்தவங்க எல்லாம் பொன்னும் ஒளியுமா ஜொலிப்பாங்க. அழகாச் சொன்னா துக்கத்தைத் தாங்கலாம்னு ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன். பெரிய இவளாட்டம்.
அம்மா தலைமுடியில பஞ்சு ஒட்டியிருந்தது. நான்தான் எடுத்தேன். ஒளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தாங்கவும் முடியல.

ஜூன் 28, சனி
நேத்து காரியம் முடிஞ்சது. கைடு போன். தள்ளி வெச்சுக்கலாமான்னார். வேண்டாங்க சார்.
அப்பாகிட்டக் கேட்டேன், அம்மா அந்தக் கேள்வியை உங்ககிட்டயாவது சொன்னாளான்னு.
"இல்ல அம்மணி. கேட்டா சிரிச்சுப்போட்டுப் போயிருவா."
கோவமா வருது. சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல. ஜாக்கெட் இன்னும் டெய்லர்கிட்டயே. வாங்கப் போகல.

ஜூலை 4, வெள்ளி
மறுபடி சாரல். பல்லடத்துல இருந்து அப்பாவும் நானும் பஸ்ல. தேர்வாளர் கேட்டதுக்கெல்லாம் மடமடன்னு பதில். "சபையில யாருக்காவது கேள்வி?" எல்லார் கண்ணும் மிக்சர் தட்டு மேல.

அப்பா எந்திரிச்சார். வேலை பாக்கற கோழிப்பண்ணை முதலாளிகிட்டகூட நிமிந்து பேசாத மனுசன்.
"ஏனுங்க, எங்கூட்டுக்காரி ஒண்ணு கேக்கோணும்னு இருந்தாளுங்க. என்னன்னு எனக்குத் தெரியாதுங்க. கேட்டதா வெச்சுக்குங்க."

தேர்வாளர் தலையாட்டிட்டு என்னைப் பார்த்தார். என் கையில மைக். கேள்வி வந்தா பதில் சொல்லணுமில்ல.
"தெரியலம்மா"ன்னேன்.