பெண்கள் வாசலால் வந்த பேய்

ஜனவரி 28, 1964

பேய்ப்படம் வந்துவிட்டது. தியேட்டரின் பெண்கள் வாசலில் நின்று ரிக்கற் கிழித்துக் கிழித்து என் விரல் நோகிறது. கிண்ணியா, சாம்பல்தீவு, லிங்கநகர் என்று எல்லாப் பக்கத்துப் பெண்களும் பிள்ளைகுட்டியோடு வந்து குவிந்துவிட்டார்கள்.

முதல் பாதி நல்ல படம். பாழடைந்த வீடு, தானாக ஆடுகிற ஊஞ்சல், யாரோ மேலே நடக்கிற சத்தம். பேயைக் காட்டவில்லை, அதுதான் கெட்டித்தனம். ஒருத்தியும் கச்சான் கடலைகூட உரிக்கவில்லை. கடைசியில் பார்த்தால் பேயுமில்லை, பிசாசுமில்லை. சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பன் வெள்ளைச் சீலை கட்டிக்கொண்டு நடந்திருக்கிறான்! கிண்ணியா ஆமினா உம்மா குடையால் வாங்குப் பலகையில் அடித்துக் கத்தினார்: "பேயெண்டு சொல்லிப்போட்டு மீசக்காரனையா புள்ள காட்டுறீங்க? இவனுக்குப் பயந்தா நான் கண்ண மூடிக்கிட்டு இருந்த?"

நியாயமான கேள்வி. எனக்கும் எரிச்சல்தான்.

ஜனவரி 30

தங்கச்சி இராசமலர் வந்திருக்கிறாள். உதடு கிழிந்திருக்கிறது. இடது கை வீங்கிக் கிடக்கிறது. கதவிடுக்கில் விரலை வைத்து நெரித்திருக்கிறான், அவள் புருஷன் கதிரவேல். புல்மோட்டைப் பக்கம் லொறி ஓட்டுகிறவன். காரணம்? சோறு ஆறிப்போச்சாம். நாசமறுந்தவன்!

அவர்கள் குடியிருக்கிற சாம்பல்தீவில் அவள் கத்துவது அயலுக்கெல்லாம் கேட்கும். ஒருவரும் படலை திறப்பதில்லை. புருஷன் பெண்சாதிக் கதைக்குள் நுழையக்கூடாதாம்.

ஜனவரி 31

மலரை வீட்டில் தனியே விட ஏலாது. தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். பெண்கள் பகுதிக்குள் எந்த ஆம்பிளையும் கால் வைக்க முடியாது. பெண்சாதியைக் கூப்பிட வருகிற புருஷனும் வாசலில் நின்று என்னிடம் பெயரைச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் அதைவிடக் காவலான இடம் எனக்குத் தெரியாது.

பக்கத்திலிருந்தவள் அலறினாள். மலர் கண்ணைக்கூட வெட்டவில்லை.

"என்னடி, பயமில்லையோ?"

"இதுக்கென்னக்கா பயம்? பேய் வரமுன்னம் மேளம் அடிச்சுச் சொல்லுது. அவர் வரேக்க ஒரு சத்தமும் வராது."

எழும்பிப் போய் வாசல் திரையை இழுத்து மூடினேன். பிறகு படத்தையே பார்க்கவில்லை.

பெப்ரவரி 3

கூட்டம் குறைந்துவிட்டது. முடிவு ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதே. மனேஜர் சரீப் நானா தலையைச் சொறிந்து ஒரு புத்தி கண்டுபிடித்திருக்கிறார். போஸ்டர் ஒட்டுகிற சிவபாதத்துக்கு வெள்ளைச் சீலை சுற்றி, படத்தில் விளக்கு அணைகிற கட்டத்தில் பெண்கள் பகுதிக்குள் நடக்க விடுவதாம். ஆம்பிளைப் பக்கம் விட்டால் கொன்றுபோடுவார்களாம்.

"பொம்பிளையள் எண்டா இளக்காரமோ நானா?" என்றேன்.

"யோகம், நீங்க ஒருக்காப் பாருங்களேன்" என்றார்.

பெப்ரவரி 4

சிவபாதம் நடந்தான். ஐயோ, என்ன அலறல்! வாங்கு கவிழ்ந்தது. ஒருத்தி மயங்கினாள். விளக்குப் போட்டால் சீலைக்குக் கீழே அவன் இடுப்பில் கட்டிய சறம் தொங்குகிறது. பயந்த கோபத்தைவிட ஏமாந்த கோபம்தான் பெண்களுக்குப் பெரிது. படத்துக்குள்ளும் மீசைக்காரன், வெளியிலும் மீசைக்காரன்!

பெப்ரவரி 6

வெள்ளைச் சீலைப் பேயின் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சிவபாதத்தின் நெற்றியில் குடைக்காம்பு பட்டுப் புடைத்திருக்கிறது. "எனக்கு ஏலாது நானா. அவளவை ஆயத்தமா வாறாளவை" என்று அழாக்குறை. சனிக்கிழமை மாட்னிக்கு மட்டும் என்று நானா கெஞ்சிப் பிடித்துவிட்டார்.

வீட்டுக்கு வரும்போது எங்கள் ஒழுங்கை முகப்பில் லொறி. கதிரவேல் இறங்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான்: "தங்கச்சியை அனுப்பிவிடுங்கோ மச்சாள். இல்லாட்டி, எங்க இருந்தாலும் வந்து வெட்டுவன்."

செய்வான். அவன் கண்ணைப் பார்த்தேன்.

பெப்ரவரி 8, சனி

 எழுதாட்டி நித்திரை வராது.

மாட்னி. மலர் வழக்கம்போல பெண்கள் பகுதிக்குள்ள இருந்தாள். விளக்கு அணையிற கட்டத்துக்குக் கொஞ்சம் முன்னம் தியேட்டர் பக்கத்து ஒழுங்கையால வெள்ளைச் சீலை வந்தது. முக்காடு மூக்குவரை. சிவபாதமெண்டு நினைச்சன். "போ, போய் அடி வாங்கு" எண்டு சிரிச்சு வழி விட்டன். நான்! என்ர கையாலேயே வாசல் திரையை விலக்கி விட்டன்!

திரும்பினால் சிவபாதம் நிக்கிறான். சீலையைக் கையில சுருட்டிப் பிடிச்சுக்கொண்டு, "அக்கா, இதை ஒருக்காக் கட்டிவிடுங்கோ" எண்டு கேக்கிறான்.

 டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினன். அதுக்குள்ள மலரின்ர குரல் கேட்டுது: "பேய்! பேய்! பிடியுங்கோ!"

மொத்தப் பகுதியும் எழும்பியது. ஆமினா உம்மாதான் முதல். குடை, செருப்பு, சோடாப் போத்தல். "இண்டைக்கு இவன விடப்படாது புள்ள!" சிரித்துச் சிரித்து அடித்தார்கள். நான் டோர்ச் அடித்தபோது முக்காடு விலகியிருந்தது. கதிரவேல். கையில் மீன் வெட்டுகிற கத்தி. அது ஆமினா உம்மாவின் முழங்கையைக் கிழித்ததும் சிரிப்பு நின்றது, அடி நிற்கவில்லை. யாரோ ஒருத்தி போத்தலால் அவன் மணிக்கட்டில் போட்டாள். கத்தி விழுந்தது. சீலை காலில் சிக்க அவனும் விழுந்தான். வாங்கைத் தூக்கி அவன்மேல் போட்டார்கள். முழங்கால் உடைந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு மலர் அந்த வாங்கின்மேல் ஏறி மிதித்தாள், மிதித்தாள். நான் இடுப்பில் பிடித்து இழுக்கும்வரை மிதித்தாள். கிழிந்த உதடு திரும்பப் பிளந்து அவள் வாயெல்லாம் இரத்தம். அவன் வாயும் அப்படித்தான்.

பெப்ரவரி 11

முழங்கால் சிதறல், தாடை உடைவு என்று ஆசுப்பத்திரியில் சொன்னார்களாம். ஆமினா உம்மாவுக்குத் தையல் போட்டிருக்கிறது.

யார் அடித்தது என்று பொலிஸ் விசாரித்தது. கிண்ணியாவிலும் ஒரே பதில், லிங்கநகரிலும் ஒரே பதில்: "பேயெண்டு நினைச்சம் ஐயா." கதிரவேலும் முறைப்பாடு செய்யவில்லை. தாயின் விதவைச் சீலையைச் சுற்றிக்கொண்டு பெண்கள் பகுதிக்குள் போனேன் என்று எந்த வாயால் சொல்வான்? வாயும் இப்போது கட்டிக் கிடக்கிறது.

மார்ச் 2

தாய் அவனைப் புல்மோட்டைக்குக் கொண்டுபோய்விட்டாளாம். இனி லொறி ஓட்ட ஏலாதாம்.

மார்ச் 15

புதுப் படம். குடும்பக் கதை. மலர் எனக்குப் பக்கத்தில் நின்று ரிக்கற் கிழித்தாள். நெரிந்த விரல் இன்னும் மடங்கவில்லை, மெதுவாகத்தான் கிழித்தாள். படம் தொடங்கி வாசல் வெறிச்சோடியதும் கேட்டேவிட்டேன்.

"நான் டோர்ச் அடிக்க முன்னமே நீ கத்தினனீ. அவனெண்டு உனக்குத் தெரியேல்லையோ?"

"தெரியும். பக்கத்தில வரேக்கயே டீசல் மணத்தில தெரியும்."

"பிறகேன் பேயெண்டு கத்தினனீ?"

அவள் கிழித்த துண்டுகளைக் கூட்டிப் பெட்டிக்குள் போட்டாள்.

"என்ர மனுசன் எண்டு கத்தியிருந்தா ஆரக்கா எழும்பியிருப்பினம்?"