அளவெடுத்துச் செய்த கம்ப்யூட்டர்

ஜூன் 4
சித்தியின் தையல் கடை வாசலில் இன்று இரண்டாவது பலகை ஏறியது: "கம்ப்யூட்டரும் அளவெடுத்துச் செய்து தரப்படும்." வாசகம் சித்தியுடையது. முன்னால் அவள் தையல் மெஷின், நடுவில் பச்சைத் திரை, பின்னால் என் மேஜை. வருகிறவர்களிடம் அவள் பேசுவாள். நான் உள்ளே கேட்டுக்கொண்டிருப்பேன். அவர்கள் கேட்பது முடியுமென்றால் ஒரு தடவை இருமுவேன். முடியாதென்றால் இரண்டு தடவை.

வெளியே வந்து பேசத் தெரிந்தால் இதெல்லாம் எதற்கு?

ஜூன் 9
யாரும் வரவில்லை. ஒருவர் வந்தார், பேன்ட் ஜிப் மாற்ற.

ஜூன் 15
கொக்கு வந்தாள்.

குரலைக் கேட்டதும் ஸ்க்ரூடிரைவர் கையிலேயே நின்றுவிட்டது. பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்ச். உயரமாக இருந்ததால் அவள் கொக்கு, பேசாததால் நான் கோட்டான். அம்மா படுக்கையில் விழுந்து நான் பள்ளியை விட்ட பிறகு, மூன்று வருஷமாக அவளைப் பார்க்கவில்லை. இப்போது கல்லூரியாம், கட்டடம் வரையும் படிப்பாம், அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டுமாம்.

சித்தி வழக்கம்போல அளவெடுத்தாள். "எந்த ரூம்ல வைப்பீங்க? அங்க யாராவது தூங்குவாங்களா?"

"தங்கச்சி தூங்குவா ஆன்ட்டி. சத்தமே வரக்கூடாது."

இருமினேன்.

"உள்ள யாரு?"

"எங்க இன்ஜினியர். அவ்வளவா பேச மாட்டாரு."

"பாவம், மருந்து வாங்கிக் குடுங்க."

எனக்கும் அவளுக்கும் நடுவில் நாலடி இருந்திருக்குமா? தாண்டவில்லை. தாண்டி என்ன சொல்வது — நீ படிக்கிறாய், நான் இருமுகிறேன் என்றா?

ஜூன் 19
பெரிய ஃபேனாகப் போட்டேன். மெதுவாகச் சுற்றும், தங்கச்சி விழிக்க மாட்டாள். மூடிய பிறகு யார் கண்ணிலும் படாத வயர்களைக்கூடப் பின்னிக் கட்டினேன். முடிப்பதற்குள் வாசலில் அவள் குரல் — சொன்னதற்கு ஒரு நாள் முன்னதாகவே.

எந்த மெஷினையும் ஒரு பகல் முழுக்க ஓடவிட்டுப் பார்த்துத்தான் கொடுப்பேன். இன்று, அவள் திரையை விலக்கிவிடுவாளோ என்ற பயத்தில், அவசரமாகக் கூலரைப் பூட்டி, விளக்கு எரிந்ததும் சித்தியிடம் தள்ளிவிட்டேன்.

போகும்போது "தேங்க்ஸ் இன்ஜினியர் சார்" என்றாள்.

ஜூன் 22
போன் வந்தது. போட்ட கொஞ்ச நேரத்தில் அணைந்துபோகிறதாம்.

சூட்டை இழுக்கும் அந்தக் கூலருக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டி வரும். உரித்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். குப்பைக் கூடையைக் கொட்டித் தேடினேன். தாள் இல்லை. அப்படியென்றால் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது.

"நீங்க போங்க சித்தி, நான் சொல்லித் தர்றேன்."

"நான் போய் என்னத்த பண்ண, பட்டனுக்குக் காஜா எடுக்கவா? நீ போடி."

"அங்க போய் என்ன பேசுறது?"

"கதவத் தட்டிட்டு ஒரு தடவ இருமு. தொறப்பாங்க."

ஜூன் 23
கதவைத் திறந்தது அவள்தான். என் தலைக்கு மேலாகத் தெருவைப் பார்த்து "இன்ஜினியர் வரலையா?" என்று கேட்டவள், குனிந்து என்னைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றேன்.

"அன்னைக்கு உள்ள... நீயா?"

"ம்."

"என் குரல் தெரிஞ்சுதா?"

"ம்."

"மெஷின் அணைஞ்சதுகூடப் பரவாயில்லடி. உங்க வீட்டுக்கு எத்தன வாட்டி வந்திருப்பேன்! ஒவ்வொரு வாட்டியும் உங்கம்மா படுத்த இடத்துலேர்ந்தே 'தூங்குறா'ன்னாங்க. தூங்குனியா நீ?"

தூங்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அதைச் சொல்வதற்குப் பதில் உள்ளே போய் மெஷினைத் திறந்தேன். தாளை உரித்து, சூடு கடத்தும் பசை தடவி, மறுபடி பூட்டினேன். அதுவரை வாசற்படியிலேயே நின்றாள். ஓடுது, என்றேன். சரி, என்றாள்.

ஒரு வார்த்த... ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல நான்?

ஜூன் 27
கூப்பிடவில்லை. மெஷின் நன்றாக ஓடுகிறது போலிருக்கிறது. கெட்டுப்போனால்கூடத் தேவலை.

ஜூலை 1
மேஜையைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டேன். சித்தி வாயில் ஊசியோடு பார்த்தாள். "இடிக்காம போடு" என்றதோடு சரி. ஒருவர் வந்து விலை கேட்டார். நானே சொன்னேன். குரல் உடைந்தது, ஆனாலும் வந்தது.

கல்லூரி பஸ் சாயங்காலம் இந்தத் தெரு வழியாகத்தான் போகிறது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வரைக்கும் அது எனக்குத் தெரியவே இல்லை. ஜன்னலோரம் கொக்கு. திரும்பவில்லை.

ஜூலை 4
கொட்டும் மழை. பஸ்ஸின் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கடைக்குப் பக்கத்தில் வந்ததும் ஒன்று மட்டும் திறந்தது, கொக்குடையது.

நான் முன்பே வாசலில்தான் நின்றிருந்தேன்.