மேனேஜரோடு நடக்க ஒரு பூட்ஸ்

20.10.05, வியாழன்

விடியும் முன்பே மழை. தீபாவளி வரை விடாது போல.

ரப்பர் செருப்பின் வார் அறுந்தது. வாய்க்கால் கரையில், திராட்சைத் தோட்டத்துப் பக்கம். ஒரு கையில் அறுந்த செருப்பு, மறு கையில் நாய். சும்மா நாய் இல்லை, கோம்பை ஜாதி. இழுத்தால் இழுத்ததுதான். பெயர் மேனேஜர். வைத்தவர் இவர், என் வீட்டுக்காரர். மில்லில் மேலதிகாரி மேல் இருந்த கடுப்பை வீட்டு நாய் மேல் காட்டிய வீரம். வைத்துவிட்டுப் பங்குனியில் போய்ச் சேர்ந்தார். இப்போது தெருவில் "மேனேஜர், அதை வாயில வைக்காதே!" என்று கத்துவது நான். தாலுகா ஆபீஸ் உதவியாளர்.

கொல்லையில் ஒன்றும் போக மாட்டான். வாய்க்கால் கரை வரை நடந்தால்தான் அய்யாவுக்கு வரும். இவர் பழக்கிய லட்சணம். என் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். மஞ்சள், வேப்பெண்ணெய். ஆபீசில் மேசைக்கு அடியில் காலைச் சொறிந்துகொண்டே வேலை.

எதிர்வீட்டு அம்மா: "புருசனே போயாச்சு, இந்த நாய் எதுக்கு வசந்தா?"

அந்த அம்மாவுக்குப் புருஷன் இருக்கிறார். அவர் எதுக்கு என்று நான் கேட்டேனா?

முடிவு: தண்ணீர் புகாத பூட்ஸ். மறுபடி மறுபடி வாங்க வேண்டாததாக.

22.10.05, சனி

தேனி. தீபாவளிக் கூட்டம். குடைக்கம்பி எல்லாம் என் கண்ணைக் குறிவைத்து.

முதல் கடை: லேடீஸ் பூட்ஸ் என்றதும் குதிகால் உயர்ந்த ஒன்று, பக்கத்தில் ஜிகினா. இரண்டாம் கடை: பிளாஸ்டிக் சாண்டல். "தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது மேடம்." ஆகாதுதான். சுற்றிலும் ஓட்டை. வந்த வழியே போய்விடும்.

மூன்றாம் கடை. பழுப்பு நிற ஷூ, கயிறு கட்டுவது. ஆம்பிளை அளவு.

"சாருக்கா மேடம்?"

"எனக்கு. நாயைக் கூட்டிட்டு நடக்க."

கடைப் பையன் உள்ளே திரும்பிக் கத்தினான்: "டேய், நாய்க்கு ஷூவாம்டா!"

கடை முழுக்கச் சிரிப்பு. அப்படியும் வாங்கினேன். உள்ளே ஒரு சொட்டு இறங்காதாம். கேரண்டியாம்.

26.10.05, புதன்

மூன்று நாள் ஜோர். இன்று வலது கால் ஷூ வாயைப் பிளந்தது. ஒரு தையல் கிடையாது, வெறும் பசை. அடிப்பாகம் சேற்றில் நின்றுவிட்டது, நான் மட்டும் நடந்து போனேன். மேனேஜர் அதைக் கவ்விக்கொண்டு போய்ப் புதைத்தான். அதன் தகுதி அவனுக்குத்தான் தெரிந்தது.

29.10.05, சனி

மீண்டும் தேனிக் கடை.

"தண்ணியில போட்டீகளா?"

"தண்ணி புகாதுன்னுதான குடுத்தீக?"

"புகாதுதான் மேடம். அதுக்காகத் தண்ணிக்குள்ளயே போடலாமா?"

இதற்கு மேல் பேச எனக்கு ஆயுள் போதாது. ஷூவை அவன் கல்லாப்பெட்டி மேல், சேறும் சகதியுமாக வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ஊர் திரும்பினேன், கம்பம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடை. ஏலத்தோட்டத்து வேலைக்கு மலையேறுகிறவர்கள் சாமான் வாங்குமிடம். அரிவாள், பிளாஸ்டிக் தாள், கம்பூட்ஸ். தினமும் தாண்டிப் போகிற கடை. ஏறியதே இல்லை. கூலிக்காரர் கடை நமக்கெதற்கு என்ற திமிர். எனக்கும் அது உண்டு, எழுதி வைக்கிறேன்.

கறுப்பு ரப்பர், முழங்காலுக்குக் கீழ் வரை. வளைத்துப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. ஒட்டு இல்லை. அடியில் ஆழமான பள்ளம் பள்ளமாக, சேற்றில் வழுக்காது. வாளித் தண்ணீர் கேட்டேன். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, வாய்ப்பகுதி வெளியே இருக்க, தண்ணீரில் அமுக்கிப் பிடித்தேன்.

கடைக்காரர்: "ஏம்மா, பூட்ஸ் வாங்க வந்தீகளா, குளிப்பாட்ட வந்தீகளா?"

முதல் ஜோடியில் தாள் நனைந்தது. அவர் முகம் சுருங்கியது. இரண்டாவது ஜோடி, தாள் மொறுமொறு. கனத்த சாக்ஸோடு கால் சரியாக உட்கார்ந்தது. எடுத்துக்கொண்டேன்.

30.10.05, ஞாயிறு

நடந்தேன். சேலையைத் தூக்கிச் செருகி. சேறு, முள், அட்டை, ஒன்றும் தெரியவில்லை. மேனேஜர் முதலில் பூட்ஸைப் பார்த்துக் குரைத்தான். பிறகு பழகிவிட்டான்.

கரையில் பைக்கை நிறுத்தியபடி கொழுந்தனார் ராசு. இவருடைய தம்பி. சுருளிப்பட்டியில் வீடு, அதற்கு அப்பால் தென்னந்தோப்பு.

"என்ன மதினி இது கோலம்? தோட்டத்துக்குப் போற பொம்பள மாதிரி! அண்ணன் செத்து வருசம் திரும்பல. ஊர்ல என்ன பேசுறாக தெரியுமா?"

"என்ன பேசுறாக?"

"பேசுறாக."

"நீங்கதான தம்பி பேசிக்கிட்டிருக்கீக?"

நாயைத் தோப்பில் கட்டிப்போடுகிறாராம். காவலுக்கு ஆச்சாம். நான் வீட்டில் இருக்கலாமாம். முடியாது என்றேன். பங்குனியிலிருந்து ஒரு நாள் சாப்பிட்டாயா என்று கேட்காத மனுஷன். வருகிறவர்களெல்லாம் ஆறுதல் சொல்லும் அந்த வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும். இந்த நடையில்தான் யாரும் எனக்கு ஆறுதல் சொல்வதில்லை.

31.10.05, திங்கள்

ஆபீஸ் விட்டு வந்தால் நாயும் இல்லை, சங்கிலியும் இல்லை.

எதிர்வீட்டு அம்மா: "ஒன் கொழுந்தன் ஆட்டோவுல ஏத்திட்டுப் போனாக. நீ சொன்னதாத்தான சொன்னாக?"

போன் செய்தேன். "ஒங்க நல்லதுக்குத்தான் மதினி." வைத்துவிட்டார்.

சோறு இறங்கவில்லை. மழையினால் என்று எழுதிக்கொள்கிறேன்.

1.11.05, செவ்வாய்

தீபாவளி. இந்த வருஷம் எங்களுக்குக் கிடையாது. பூட்ஸை மாட்டிக்கொண்டு சுருளிப்பட்டி பஸ். அத்தனை பேரும் புதுத்துணியில். என் காலையே பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கொழுந்தனார் மட்டும் புது வேட்டியில். நான் விடாமல் நச்சரித்ததும் தோப்பு வழியில் வந்தார், ஓடை வரைக்கும். ஓடையில் செந்தண்ணீர். அக்கரையில் தோப்பு. எங்கோ வெடி. ஒவ்வொரு வெடிக்கும் தோப்புக்குள்ளிருந்து ஒரு ஊளை.

"தண்ணி வடியட்டும் மதினி. நாளைக்குப் பாத்துக்கிருவோம்."

"நாளைக்கு வரைக்கும் இப்பிடியே கெடந்து கத்தணுமா?"

"நாய்தான மதினி."

இறங்கினேன். கணுக்கால், கெண்டைக்கால். நடுவில் ஒரு பள்ளம். தண்ணீர் புகாத பூட்ஸுக்கு ஒரே குறை, மேலே பெரிய ஓட்டை. ரொம்பிவிட்டது. காலுக்கு ஒரு குடம் கட்டியது போல் கனம். நின்றால் இழுக்கும் என்று தெரிந்து நிற்காமல் போனேன்.

தென்னை மரத்தில் சங்கிலி சுற்றிச் சுற்றி, தலையைத் திருப்பக்கூட இடமில்லாமல் கிடந்தான். கழுத்தில் தோல் உரிந்து. உடம்பு முழுக்க நடுக்கம். குரைக்கவில்லை. கையை நக்கவும் இல்லை. தலையைக் கொண்டுவந்து என் வயிற்றில் முட்டி வைத்துக்கொண்டான். சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். பங்குனியில், அத்தனை பேர் கட்டிப்பிடித்து அழுத அன்றைக்கு, எனக்கு வராத அழுகை.

திரும்பும்போது ஓடையில் யார் யாரைப் பிடித்துக்கொண்டு வந்தோம் என்று எழுதப் போவதில்லை.

கரையில் கொழுந்தனார், வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி. "ஒரு நாய்க்காக உசுரக் குடுப்பீகளா?"

"வழி விடுங்க தம்பி."

மேனேஜர் அவர் பக்கத்தில் நின்று உடம்பை ஒரு உதறு உதறினான். புது வேட்டி முழுக்கச் செம்மண்.

2.11.05, புதன்

மழை. பூட்ஸ் இரண்டும் அடுப்படியில் கவிழ்த்து வைத்தபடி. காயவில்லை. ஆபீசுக்கு லீவு சொல்லவில்லை, போக வேண்டும்.

கொழுந்தனார் போன். "மதினி, கோவமா?"

"நேரமில்ல தம்பி."

மேனேஜர் கழுத்துக்கு மஞ்சள் பூசினேன். உறுமினான், கடிக்கவில்லை. வாசலில் போய் நின்றுகொண்டு என்னையே பார்க்கிறான். பூட்ஸை ஈரத்தோடு மாட்டினேன். உள்ளே ஐஸ். நடந்தால் சூடாகிவிடும்.