இரண்டு வருடத்துக்கு ஒரு கையெழுத்து

என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். ‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், இருக்கிற ஒரே அறையில் பரீட்சைக்குப் படிக்கிறவள் பயந்துபோவாள். அதனால்தான் கடிதம்.

திங்கட்கிழமை கண்ணாடிக் கடைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டுவசதி ஆணையத்தின் விசாரணைக்குப் போனேன். நம் கட்டடத்தில் வீடு வாங்கிய பதினேழு குடும்பமும் வந்திருந்தது. சொன்ன தேதியில் வீட்டைக் கொடுக்காத பில்டருக்கு ஆணையம் கெடு வைக்கலாம் என்று புதுச் சட்டம் வந்திருக்கிறது, உங்களிடமும் சொன்னேனே. அதை நம்பி ஆறு மாதமாக அலைகிறேன். கைப்பிடி இல்லாத படியில் நாலு மாடி ஏறி நம் வீட்டைப் படம் எடுத்ததும் நான்தான். ஜன்னலுக்கு விட்ட ஓட்டை வழியாகப் புறாக்கள் நமக்கு முன்னால் குடிவந்துவிட்டன.

நம் முறை வந்ததும் பில்டரின் வக்கீல் ஒரு தாளை நீட்டினார். இன்னும் இரண்டு வருடம் தாமதமானாலும் ஆட்சேபணை இல்லை, புகார் கொடுக்க மாட்டோம் என்று எழுதியிருந்தது. கீழே உங்கள் கையெழுத்து. “உங்க வீட்டுக்காரரே சம்மதிச்சுட்டாரேம்மா, நீங்க எதுக்கு வந்தீங்க?” என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மதியத்துக்குள் பதில் சொல்லச் சொன்னார் விசாரித்த அதிகாரி அம்மா. வெளியே வந்து உங்களைக் கூப்பிட்டால், “மெயில்ல வந்துச்சு, சும்மா ஒரு ஃபார்ம்னு சொன்னாங்க, போட்டேன்” என்கிறீர்கள். அதுவும் போன வருடம்! சாப்பிட்டியா, மழை பெய்யுதா என்று தினமும் கேட்கிற வாய்க்கு, இதைச் சொல்ல மட்டும் வரவில்லையா?

நல்லவேளை, நம் எதிர் வீட்டை வாங்கியிருக்கும் நர்ஸ் அக்கா என் பையிலிருந்த ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தார். “இதுல உன் பேரும் இருக்கே!” என்று கத்தினார். திரும்ப உள்ளே போய்க் கேட்டேன், “வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்குங்க. இந்தத் தாள்ல என் கையெழுத்து எங்க?” வக்கீல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒருவர் போட்ட கையெழுத்து மற்றவரைக் கட்டுப்படுத்தாது என்று அதிகாரி அம்மா எழுதிவிட்டார். எட்டு மாதத்தில் வீட்டை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று பதினேழு பேருக்கும் ஒரே உத்தரவு.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. பில்டர் ஏமாற்றுவான் என்று தெரிந்துதானே போனேன். அவன் கையில் நீங்கள் கொடுத்த தாள் இருந்ததே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பஸ்ஸில் வரும்போது இன்னொன்றும் உறைத்தது. வீடு முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று சொல்லித்தானே போனீர்கள்? அப்படியானால் அந்த இரண்டு வருடத்தை அவனுக்குக் கொடுத்தீர்களா, இல்லை நீங்கள் எடுத்துக்கொண்டீர்களா? பதிலை எழுதி அனுப்புங்கள். போனில் என்றால் பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

பில்டர் ஆபீஸில் இப்போது மரியாதை கூடிவிட்டது. சுவருக்கு என்ன நிறம் என்று கேட்கிறார்கள். மகள் தன் அறைக்கு மஞ்சள் சொல்லிவிட்டாள். நம் அறைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. நீங்களே வந்து, உள்ளே நின்று பார்த்துச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி