மோட்டாருக்குக் காவல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

பள்ளியில் மண்ணே இல்லாமல், குழாய்களில் சத்துநீர் ஓடவிட்டுக் கீரை வளர்க்கிறோம். வெள்ளிக்கிழமை காவலாளி வழக்கம்போல எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் பூட்டினார். தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் நின்றுபோனது. திங்களன்று பிள்ளைகளோடு போய்ப் பார்த்தால், கீரை மொத்தமும் வாடிக் கிடந்தது.

“செடிக்குக்கூடவா கரண்ட் வேணும், சார்?” என்று கேட்டுத் திருதிருவென விழித்தார் காவலாளி. நானும்தான் அவரிடம் சொல்லிவைக்கவில்லை. மறுபடி விதை போட்டாயிற்று.

இப்போது சனி, ஞாயிறு மோட்டாருக்கு நான்தான் காவல். அதன் இரைச்சல் பழகிவிட்டது. நான் தனியாகத் தங்கியிருக்கும் அறையில்தான் ஒரு சத்தமும் இல்லை.

மணியடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடுகிறேன். ஒன்று மட்டும்: நான் ஃபோன் செய்யும்போது மிக்ஸியை நிறுத்தாதே அம்மா. அது பாட்டுக்கு ஓடட்டும்.

உன் மகன்