கார்த்தேஜின் நீலப் பட்டன்கள்

என் உயிர் மச்சான் ஜெரினுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா பத்தொன்பதாவது ரவுண்டு வரை தாக்குப்பிடித்தார்கள். பத்தொன்பது, மச்சான்! நீயே பதினேழைத் தாண்டியதில்லை.

நீ போய் பத்து மாதம் ஆகிறது. இதை நம் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுகிறேன். புதிதாக வந்தவர்கள் "யார் இந்த ஜெரின், எல்லா ரூல்லயும் அவர் பேரு இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்வேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

எப்படி ஆரம்பித்தது, ஞாபகம் இருக்கிறதா? தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது உன் இயர்போனில் ஒன்றை என் காதில் சொருகினாய். எங்கேயோ இருக்கிற ஒரு மெட்டல் பேண்ட், எட்டு நிமிடப் பாட்டு. அதில் ஆறு நிமிடம் வெறும் டிரம்ஸ். பாட்டின் பேரில் கார்த்தேஜ் என்று இருந்தது. அதே வாரம் பிளாட்பாரப் புத்தகக் கடையில் ஒரு தடி நாவல், அதன் அட்டையிலும் அதே பேர்.

"ஒரே வாரத்துல ரெண்டு தடவ வருதுன்னா, அந்த ஊரு நம்மள கூப்புடுதுடா" என்றாய்.

"கூப்புட்டா? ரெண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டே இல்ல."

"அதுக்குத்தான்டா ஒரு லிஸ்ட்டு போடுவோம். அதுலயே போய்ட்டு வந்துடலாம்."

அன்றைக்கே போனில் தேடிப் பார்த்தோம். மத்தியதரைக் கடல் ஓரம், ஆப்பிரிக்காவின் மேல் விளிம்பில் இருந்த நகரம். வட்டமான துறைமுகம் கட்டிக் கப்பல் விட்டவர்கள். ரோமாபுரிக்காரன் வந்து கொளுத்தித் தரைமட்டம் ஆக்கிவிட்டான். அதையெல்லாம் சோகமாகப் படித்துக்கொண்டே வந்த நீ, கடைசி வரியில் துள்ளிக் குதித்தாய். இன்றைக்கு அது டியூனிஸ் பக்கத்தில் ஒரு புறநகர், லோக்கல் டிரெயின் நின்று போகிற ஊர். "டேய், அப்ப அது அவங்க ஊரு தாம்பரம்டா!" என்று நீ கத்தியதில் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்தே விட்டார்.

இப்படித்தான் லிஸ்ட் பிறந்தது. அந்த ஊர் பேர் இருக்கிற புத்தகம், பாட்டு, கேம் எல்லாமே சேரும். ஆனால் ரூல் ஒன்று போட்டாய். படித்து முடித்தால்தான், கேட்டு முடித்தால்தான், ஆடி முடித்தால்தான் ஏறும். பாதியில் விட்டதற்கு இடமில்லை. அமெரிக்காவில் அதே பேரில் இருக்கிற ஏதோ சின்ன ஊரைப் பற்றி ஒரு பாட்டு வந்தபோது நான் வேண்டாம் என்றேன். "பேரு இருந்தா போதும்டா, ஆதார் கார்டா கேக்கப்போறோம்?" என்று ஏற்றிவிட்டாய்.

உனக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பாய். மொபைல் சர்வீஸ் கடையில் டிஸ்ப்ளே மாற்றுகிறவன், பத்தாவதோடு இங்கிலீஷ் புத்தகத்தை மூடி வைத்தவன், அறுநூறு பக்க நாவலை முடித்தேன் என்றால் அது உன்னால்தான். ஒற்றைப்படை அத்தியாயம் உனக்கு, இரட்டைப்படை எனக்கு, படித்ததை ஷேர் ஆட்டோவில் ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்ல வேண்டும் என்று பிரித்தாயே! இப்போது உன் பங்கையும் நான் படித்துவிட்டேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் குதிரைக்காரன் செத்துவிட்டான் என்றாய். அவன் சாகவே இல்லையடா, திருடா! பத்தாம் அத்தியாயத்தில் அவன் வந்து நின்றபோது பேய்க்கதை என்று நினைத்து எவ்வளவு பயந்தேன்? வேண்டுமென்றே செய்தாயா, இல்லை நீயும் தப்பாகப் படித்தாயா? இனி யாரிடம் கேட்பேன்?

முப்பத்தாறு வரி ஏறிவிட்டது. முப்பத்தேழாவதுதான் சிக்கல்.

அது யாரோ ஒரு புண்ணியவான் இலவசமாக நெட்டில் போட்ட போர்டு கேம். தாம்பரத்தில் பிரிண்ட் எடுக்கப் போனபோது ஜெராக்ஸ் கடை அண்ணன், "இன்னா தம்பி, காலேஜ் புராஜெக்டா?" என்று கேட்டார். "ஆமாண்ணா, ஊர காப்பாத்துற புராஜெக்ட்" என்றாய் நீ. அனகாபுத்தூரில் உன் வீட்டில் ஒரு பிளைவுட் பலகையில் ஒட்டினோம். பள்ளி யூனிஃபார்ம் தைக்கிற உன் அம்மாவின் டப்பாவிலிருந்து பட்டன் எடுத்தோம். எட்டு நீலம் கார்த்தேஜ் கப்பல், எட்டு வெள்ளை ரோம் கப்பல். மூன்று வெள்ளை வட்டத் துறைமுகத்துக்குள் நுழைந்தால் ஊர் காலி. இருபது ரவுண்டு தாங்கினால் ஊர் பிழைக்கும். நீ எப்போதும் நீலம். எப்போதும் தோற்பாய். அதனால் இந்த கேமுக்கு மட்டும் தனி ரூல் எழுதினாய்: ஒரு தடவையாவது கார்த்தேஜ் நேர்மையாகத் தப்பித்தால்தான் லிஸ்ட்டில் ஏறும்.

கடைசியாக ஆடியபோது பதினேழாவது ரவுண்டு. ஏற்கெனவே என் ரெண்டு வெள்ளை உள்ளே. உன் கை சுட்டது. "காய்ச்சலா கீதுடா, நாளைக்கு முடிப்போம். எதையும் தொடாத, போட்டோ மட்டும் எடுத்துக்க" என்றாய். எடுத்தேன். டெங்கு என்றார்கள். ஐந்தே நாள்.

உன் அம்மா அந்தப் பலகையைத் தொடவே இல்லை. தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் அப்படியே இருந்தது. தூசி படியாமல் மேலே ஒரு துணி. பிறகு மழை வந்தது. ஆற்றுத் தண்ணீர் உங்கள் சந்துக்குள் முழங்கால் வரை ஏறிவிட்டது. வடிந்த மறுநாள் சேறு தள்ளப் போனேன்.

"டிவிய வுட்டுட்டேன், மிஷின் மோட்டார வுட்டுட்டேன் பிரவீனு. இத்த மட்டும் மொதல்ல தூக்கி பீரோ மேல வெச்சேன்" என்று பலகையை இறக்கினார்கள். "ஆனா தூக்கசொல்ல சாஞ்சுடுச்சுடா, பட்டன்லாம் கொட்டிப்போச்சு. பொறுக்கி அதது எடத்துல வெச்சுக்கீறேன். சரியா கீதா பாரு."

ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. எட்டு நீலமும் வட்டத்துக்குள், எட்டு வெள்ளையும் வெளியே வரிசையாக. இருபது வருடம் பட்டன் பிரித்த கை அல்லவா? கலந்து கிடந்தால் அந்தக் கைக்குத் தாங்காது. நிறம் பார்த்துப் பிரித்து வைத்துவிட்டார்கள்.

"சரியா இருக்கு ஆன்ட்டி" என்றேன். பொய். வேறு என்ன சொல்லியிருப்பேன், சொல்?

அந்தப் பலகையைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டதுதான் என் முட்டாள்தனம். பொத்தேரி நிவேதா அக்கா, அதான் நாம் நெட்டில் போட்ட லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு முதல் ஆளாக நம் குரூப்பில் சேர்ந்த அந்த காலேஜ் அக்கா, நான் முன்பே போட்டிருந்த பழைய போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டார். "பிரவீன், இது அந்த பொசிஷனே இல்ல. ரெண்டு ஒயிட் உள்ள இருந்துச்சே?"

"விடுங்கக்கா" என்று ஒருத்தன் வந்தான். "இப்படியே ஆடுனா இன்னும் மூணு ரவுண்டுதான், கார்த்தேஜ் ஈஸியா தப்பிச்சிரும். முப்பத்தேழுல ஏத்திட்டு ஜெரினுக்கு டெடிகேட் பண்ணிடலாம்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, மச்சான். உன் பேரில் ஒரே ஒரு வெற்றி. யாருக்கு என்ன நஷ்டம்?

"ஜெரின் ஒத்துப்பானா?" என்று மட்டும் கேட்டார் அக்கா. ரெண்டு மாதம் உன் வீட்டுப் பக்கமே நான் போகவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு, உன் அம்மா சர்ச்சிலிருந்து வந்த நேரம் பார்த்துப் போனேன். போனில் பழைய போட்டோவை எடுத்து நீட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பலகையைப் பார்த்தார்கள். மறுபடி போனை.

"அப்ப... அவன் தோக்குறாப்புல இருந்தானா?"

"ஆமா ஆன்ட்டி."

"அன்னிக்கு சரியா கீதுன்னு ஏன்டா சொன்னே? அவன் வெச்சது வெச்சபடி கீதுன்னு நெனச்சு, தெனமும் இது முன்னாடிதான் ஜெபம் பண்ணிகினு கீறேன்."

அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள்.

"வை. போட்டோல எப்டி கீதோ அப்டியே வை."

"அப்படி வெச்சா தோத்துரும் ஆன்ட்டி."

"தோத்தா தோக்கட்டும். அவன் ஆட்டம் அது."

ஒவ்வொரு பட்டனாக வைத்தேன். ரூல் சொல்லிக்கொடுத்தேன். உன் பக்கம் அவர்கள் உட்கார்ந்தார்கள். பதினேழாவது ரவுண்டில் ஊர் தப்பித்தது! பதினெட்டில் என் முறை வந்தது. நாலுக்கு மேல் விழுந்தால் மூன்றாவது வெள்ளை உள்ளே. தாயக்கட்டையைக் கையிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஜெரின்கூட ஆடசொல்ல இப்டித்தான் தடவிகினு இருப்பியா? போட்றா."

ஐந்து விழுந்தது. ஊர் காலி.

"அவ்ளோதானா? இதுக்கா ரெண்டு பேரும் அந்தக் கத்து கத்துனீங்க?" என்று சிரித்துவிட்டார்கள். நீ போன பிறகு அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன். பேசிக்கொண்டே அவர்கள் கை தானாகப் பட்டன்களைப் பிரித்தது, நீலம் இந்தப் பக்கம், வெள்ளை அந்தப் பக்கம். நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு நீலம் வட்டத்துக்குள், எட்டு வெள்ளை வெளியே வரிசையாக. டேய், எத்தனை தடவை நாம் அப்படி அடுக்கியிருக்கிறோம்! தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தபோது எப்படியடா எனக்கு உறைக்காமல் போனது?

"ஆன்ட்டி, இதுதான் மொத ரவுண்டு. ஆட்டம் ஆரம்பிக்கும்போது இப்படித்தான் வைப்போம்."

"அப்ப தண்ணி வந்த அன்னிக்கே நான் புதுசா ஆரம்பிச்சுட்டேனா?" கொஞ்ச நேரம் பலகை மேலேயே கை வைத்திருந்தார்கள். "சரி, குந்து. எனக்கோசரம் வுட்டுக்குட்த்தே, தொலைச்சுடுவேன்."

அன்று முதல் எல்லா ஞாயிறும் ஆடுகிறோம். இதுவரை ஆறு ஆட்டம், ஆறிலும் தோல்வி. ஆனால் உன்னைப் போல் அவசரப்பட்டு எல்லாக் கப்பலையும் வெளியே விடுவதில்லை. நாலைத் துறைமுக வாசலிலேயே நிறுத்துகிறார்கள். பட்டன் துளைக்குக் காஜா தைக்கிறது மாதிரி நெருக்கமாக அடைத்துவிடுகிறார்கள், ஊசி நுழைய இடமில்லை. போன வாரம் பத்தொன்பது என்று குரூப்பில் போட்டதும் எல்லோரும் அசந்துபோனார்கள். அடுத்த தடவை நேரில் வந்து பார்ப்பேன் என்று நிவேதா அக்கா சொல்லியிருக்கிறார். பிரியாணி உன் அம்மா பொறுப்பு.

முப்பத்தேழாவது வரி காலியாகவே இருக்கிறது. நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், மச்சான், இது சத்தியம். ஒவ்வொரு ஞாயிறும் எட்டு வெள்ளையோடும் முழு பலத்தோடும் வருவேன். அப்படியும் உன் ஊர் இருபதைத் தாண்டுகிற அன்றைக்கு, அந்த வரியில் ஆடியவர்கள் என்ற இடத்தில் உன் பேரையும் உன் அம்மா பேரையும் சேர்த்து எழுதுவேன். கார்த்தேஜை இதுவரை யாராலும் காப்பாற்ற முடியவில்லை என்கிறார்கள். அவர்கள் யாரும் அனகாபுத்தூருக்கு வந்ததில்லை.

இந்த ஞாயிறும் உன் வாசலுக்குப் படையெடுத்து வரப்போகிற ரோமாபுரி,
உன் மச்சான்,
பிரவீன்