நீலம் பூசிய பலகைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா கையால் சொல்லச் சொல்ல நான் எழுதும் கடிதம் இது. இங்கே நாங்கள் மூவரும் இருக்கிறபடி இருக்கிறோம், நீ அங்கே நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அப்பா நெஞ்சில் கை வைத்துக் காட்டுகிறார். உன் போன் போன மாதத்திலிருந்து அடித்து அடித்து ஓய்கிறது, அதனால்தான் கடிதம். அம்மா உனக்கு வேலை மாறியிருக்கும் என்கிறாள், பிறகு மனசு மாறியிருக்கும் என்கிறாள். அப்பா பின்னலை இழுப்பதுபோல் காற்றில் இழுத்துக் காட்டினார், அவர் கையில் உன் பெயர் அதுதானே.

போன வாரம் ஒரு நாள் காலை முதலில் என் கண்ணில் பட்டது அப்பாவின் நகக்கண்ணில் இருந்த நீலம். கஞ்சி குடிக்கும்போது பார்த்தேன், யார் படகுக்காவது பூச்சு வேலை வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நீ போன பிறகு அப்பா நிறைய வரைந்திருந்தார். உடைத்த படகுகளின் பலகைகளை இழுத்து வந்து, டப்பாவின் அடியில் மிஞ்சிய பெயின்டில் நம் ஊர் ஆட்களை வரைவார். டீசல்கடைக்காரர் கொட்டாவி விடுவது ஒன்று, அம்மா ஈர வலையைத் தோளில் போட்டுக்கொண்டு யாரையோ திட்டுவது ஒன்று. திட்டும்போது என் மூக்கு இவ்வளவு பெரிசாவா இருக்கும் என்று அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் கூடத்திலோ கொட்டகையிலோ எங்கே வைத்தாலும் உப்புக் காற்றில் பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. ஈரம் ஏறாத ஒரு அறை வேண்டும், அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதற்குத்தான் கலை வாரியத்து உதவித்தொகைக்கு மறுபடி போட்டோம்.

முன்பெல்லாம் அந்த விண்ணப்பத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். இந்தத் தடவை எட்டாத தீவுகளில் இருக்கிறவர்களுக்கென்றே தனியாகத் திறந்திருந்தார்கள். எழுத வேண்டாம், பேசி அனுப்பினால் போதும், நாங்களே வந்து படங்களைப் பார்க்கிறோம், காது கேளாதவர் என்றால் சைகைமொழி தெரிந்தவரையும் கூட்டி வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். படகுத்துறையில் மட்டும்தானே சிக்னல் வரும், அங்கே அம்மா நின்று பேசிப் பதிவு செய்தாள். என்னைப் பேசச் சொன்னார்கள், எனக்கு வாய் வரவில்லை. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியும், பள்ளியை விட்டும் அது என்னை விடவில்லை.

சனிக்கிழமை வருகிறோம் என்றார்கள். அதிகாரி வருகிறார் என்றால் நம் ஊரில் என்ன செய்வோம், படகைச் சுரண்டி, அடிப்பூச்சு கொடுத்து, அடையாளமெல்லாம் புதிதாக எழுதி நிறுத்துவோம். பழைய பூச்சோடு நின்றால் உரிமத்தில் கை வைத்துவிடுவார்கள். அப்பாவுக்குத் தெரிந்த அதிகாரிகள் எல்லோரும் அப்படிப்பட்டவர்கள். உரிந்துபோன படங்களைக் காட்டினால் மரியாதையாக இருக்காது என்று, இரவோடு இரவாக எல்லாப் பலகைகளுக்கும் நீல அடிப்பூச்சு கொடுத்துவிட்டார். வெள்ளிக்குள் எல்லாவற்றையும் புதிதாக, இன்னும் நன்றாக வரைந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிவிட்டு, அவர் பூச்சு வேலை செய்யும் கொட்டகைக்குப் போனபோது சுவரோரம் வரிசையாக நீலம் நின்றது. கொட்டாவி இல்லை, மூக்கு இல்லை. அப்பா சிரித்துக்கொண்டே கன்னத்தை வழித்துக் காட்டினார், சவரம் செய்த முகம் மாதிரி இருக்கிறதாம்.

வாரியத்து ஆட்களின் விசைப்படகு அன்றைக்கே வந்துவிட்டது. சனிக்கிழமை கடல் கெட்டுப்போகும் என்று எச்சரிக்கை வந்ததாம், அதனால் முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். ஒரு ஐயா, ஒரு அம்மா, சைகைமொழிக்கு ஒரு இளைஞர். நல்லவர்கள்தான் அக்கா, அதைச் சொல்ல வேண்டும். கொட்டகைக்குள் வந்து நீலப் பலகைகளைப் பார்த்து நின்றார்கள். அந்த ஐயா அம்மா பேசி அனுப்பிய பதிவைத் தன் போனில் மறுபடி கேட்டுவிட்டுப் பலகைகளைப் பார்த்தார். பிறகு, பேசும்போது குடும்பத்தார் யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்றார். வேறு ஊர்களில் சொந்தக்காரர்களே கலைஞருக்குப் பதிலாகப் பேசி, வந்த பணத்தையும் அவர்களே எடுத்துக்கொண்டார்களாம், அதனால் இந்த விதி. அம்மாவும் நானும் வெளியே வந்துவிட்டோம். நான் ஜன்னலோரம் நின்றேன்.

அந்த இளைஞரின் கைகள் அழகாகப் பேசின. ஆனால் அது எங்கோ பள்ளிக்கூடத்தில் படித்த பேச்சு. அப்பா எந்தப் பள்ளிக்குப் போனார், அவர் பேச்சு நம் வீட்டுக்குள்ளேயே முளைத்தது. யார் வீட்டுத் துணியோ கொடியில் ஆடுவதைப் பார்க்கிற மாதிரி அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் எல்லாவற்றையும் அழித்தீர்கள் என்று அந்த ஐயா கேட்டது எனக்குக் கேட்டது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்தார், என்னைக் கூப்பிடும் பெயர். வெளியே வேடிக்கை பார்க்க ஆள் கூடியிருந்தார்கள், இருந்தும் நான் கையைத் தூக்கிக் கேள்வியைச் சொல்லத் தொடங்கினேன். அப்பாவின் முகம் தெளிந்தது, அவரும் கையைத் தூக்கினார். அந்த ஐயா எழுந்து வந்தார். “தப்பா எடுத்துக்காதம்மா, இது உங்க அப்பாவோட நல்லதுக்குத்தான்” என்று மெதுவாகச் சொல்லி ஜன்னலைச் சாத்தினார். தூக்கிய கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

காற்று எழும்பிவிட்டதால் சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் அப்பா வரைந்த பழைய படம் ஒன்றை போட்டோவிலாவது காட்ட வேண்டும், அவர் பேச்சு தெரிந்த, குடும்பத்தைச் சேராத ஒருவரும் வேண்டும், இல்லையென்றால் இந்த ஆண்டு இல்லை என்றார்கள். “பொண்டாட்டி புள்ளைய விட்டா இந்த மனுசன் கைய வேற யாரு பாத்தா?” என்று அம்மா படகுத்துறையிலேயே கேட்டுவிட்டாள். ஐயா படகைப் பார்த்து நடந்தார். அவர் படகில் ஏறிய பிறகு, கூட வந்த அந்த அம்மா மட்டும் என் உள்ளங்கையில் பேனாவால் ஒரு எண்ணை எழுதி, “நான் சொன்னா எடுபடாது, உங்க வீட்டுலேருந்து யாராவது பேசினாத்தான் இந்த விதிய மாத்தச் சொல்லி மேல கொண்டுபோக முடியும்” என்றார்.

அதற்குப் பிறகு நான் மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு பலகையின் மூலையைத் துடைத்துப் பார்த்தேன். நீலம் வந்தது, அதோடு டீசல்கடைக்காரரின் காதும் வந்துவிட்டது. அப்பா என் கையிலிருந்து துணியை வாங்கி வைத்துவிட்டார். அதன் பிறகு தூரிகையைத் தொடவில்லை, கொட்டகைப் பக்கமே போவதில்லை. கூரை ஒழுகும் இடத்தில் அந்தப் பலகைகளை அடித்துவிடலாமா என்று அம்மா கேட்டதற்கு, சரி என்று தலையாட்டினார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி மிச்சம் இருப்பது நீ போகும்போது அவர் கொடுத்த சின்னப் பலகை மட்டும்தான், நாம் இருவரும் ஒரே குடைக்குள் சண்டை போடுகிற படம். அது உன்னிடம் இருக்கிறதா என்று அப்பா கேட்கிறார். அறை மாறும்போது எங்கேயாவது போட்டுவிட்டிருப்பாள் என்கிறாள் அம்மா. இருந்தால் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து அனுப்பு. பலகையை அனுப்ப வேண்டாம், அது உன்னிடமே இருக்கட்டும் என்கிறார். இல்லையென்றாலும் பரவாயில்லை, நீ இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதினால் போதுமாம். குளிரில் காதை மூடிக்கொள்ளச் சொல்கிறார், கேட்கிற காதைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்லி அவரே சிரிக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு, யாரிடமும் கோபத்தோடு தூங்கப் போகாதே. போட்டோவை மறந்துவிடாதே.

உன் தலையில் கை வைத்து,
அப்பா
(கையெழுத்துக்குப் பதில் இந்த நீலப் பெருவிரல் ரேகை அவருடையது. எழுதியவள் உன் தங்கை.)

அக்கா, தபால் பையில் போடும் முன் இதைப் படகுத்துறையில் வைத்து எழுதுகிறேன். உள்ளங்கையில் இருந்த எண் அழிவதற்குள் அதைச் சுவரில் எழுதி வைத்திருந்தேன். இன்று அப்பாவையும் கூட்டி வந்தேன். வழக்கம்போல் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், டீசல்கடைக்காரரும் இருந்தார். நான் எண்ணை அழுத்தினேன். எடுத்தார்கள். “அவரோட மகள் பேசுறேன்” என்றேன்.